தேர்ச்சி சதவீதத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகள்

2023 ஜூன் மாதம் ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற வேலை. அன்றைக்குக் கம்பெனி வேனை விட்டுவிட்டு, ஒரு நாள் சம்பளத்தையும் விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் மகளின் மாற்றுச் சான்றிதழ்.

"ஒன்பதாவதுல பெயிலாயிடுச்சி மேடம். இங்கேயே படிச்சா பத்தாவது தேறாது, டுடோரியல்ல போட்டு பிரைவேட்டா எழுத வைங்கன்னு சொல்லி டீசியக் கையில குடுத்துட்டாங்க. நல்லதுக்குத்தான் சொல்றாங்கன்னு நானும் கையெழுத்துப் போட்டுட்டேன். இப்போ அது என்கூடவே கம்பெனிக்கு வரேன்னுது. இன்னா பண்றது?"

எங்கே கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டேன். "பெற்றோர் விருப்பத்தின் பேரில்" என்று எழுதியிருந்த தாளில். எழுதியது பள்ளி. விருப்பம் மட்டும் அம்மாவுடையதாம்.

அடுத்த மே மாதம் அந்தப் பள்ளி வாசலில் ஒரு பேனர் தொங்கியது: பத்தாம் வகுப்பில் 100 சதவீதத் தேர்ச்சி.

பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. பெயர் எழுதினால் ஒரு தலைமையாசிரியருக்கு நோட்டீஸ் போகும், அதோடு கதை முடிந்துவிடும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இந்தத் தோல் பட்டறை மண்ணில் வேலை செய்கிற எந்தக் களப்பணியாளரைக் கேட்டாலும் இதே கதையை வேறு வேறு ஊர் பெயர்களோடு சொல்வார். இதைச் செய்ய வைப்பது ஒரு ஆசிரியரின் கெட்ட மனசு என்று நினைத்தால் நாம் ஏமாந்து போவோம். ஒரு கணக்கு இதைச் செய்ய வைக்கிறது. அந்தக் கணக்கை முதலில் புரிந்துகொள்வோம்.

கீழே போடப்படும் எண்

தேர்ச்சி சதவீதம் என்பது என்ன? தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பது. "எழுதியவர்களில்" என்ற சொல்லைக் கவனியுங்கள்.

ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 100 பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 பேரை "தேறமாட்டார்கள்" என்று முன்கூட்டியே கழித்துவிடுகிறார்கள். மீதி 80 பேர் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதுகிறார்கள். 76 பேர் தேறுகிறார்கள். பள்ளி அறிவிக்கும் தேர்ச்சி 95 சதவீதம். ஒன்பதில் சேர்ந்த 100 பேரைக் கீழே போட்டுக் கணக்குப் பார்த்தால் அது 76 சதவீதம்.

95க்கும் 76க்கும் இடையில் இருக்கிற அந்தப் பிள்ளைகள் யார்? அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தெருவில் இருந்து வருகிறவர்கள்? இந்தக் கேள்வியை எந்த மே மாதத்திலும் எந்தத் தொலைக்காட்சியும் கேட்டதில்லை.

இந்தக் கணக்கு நம் மாவட்டத்தில் ஏன் இவ்வளவு கொடூரமாக வேலை செய்கிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2024 மே மாதம் வந்த பத்தாம் வகுப்பு முடிவில் மாநிலத் தேர்ச்சி 91.55 சதவீதம். அரியலூர் 97.31 சதவீதத்தோடு முதலிடம். வேலூர் 82.07 சதவீதத்தோடு கடைசி இடம். கடைசி இடம் வேலூருக்குப் புதிதும் இல்லை. முடிவு வந்த மறுநாளில் இருந்து என்ன நடக்கும்? மாவட்ட அதிகாரியை மேலே இருந்து கேட்பார்கள். அவர் தலைமையாசிரியர்களைக் கூட்டிக் கேட்பார். தலைமையாசிரியர் பாட ஆசிரியரைக் கேட்பார். ஆசிரியருக்குக் கீழே கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? தேறாத பிள்ளையும், ஷூ கம்பெனியில் தைக்கிற அதன் அம்மாவும்தான்.

சதவீதத்தை உயர்த்த இரண்டு வழி உண்டு. ஒன்று, பின்தங்கிய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது. அதற்கு ஆசிரியர் வேண்டும், நேரம் வேண்டும், பொறுமை வேண்டும். இன்னொன்று, அந்தப் பிள்ளையைக் கணக்கில் இருந்து எடுத்துவிடுவது. அதற்கு ஒரு தாளும் ஒரு கையெழுத்தும் போதும்.

2017இல் தமிழ்நாடு அரசு மாநில அளவில் முதல் மூன்று இடம் பிடித்த மாணவர் பெயர்களை அறிவிப்பதை நிறுத்தியது. நல்ல முடிவு. பிள்ளைகளுக்குள் போட்ட பந்தயம் நின்றது. மாவட்டங்களுக்குள் போடுகிற பந்தயம் மட்டும் நிற்கவில்லை. அந்தப் பந்தயத்தில் ஓடுவது அதிகாரிகள். மிதிபடுவது நம் பிள்ளைகள்.

படிக்கட்டில் எந்த இடத்தில் கதவு வைக்கிறார்கள்

நம் பள்ளி அமைப்பை ஒரு படிக்கட்டாகப் பாருங்கள். ஐந்து வரை தொடக்கப் பள்ளி, எட்டு வரை நடுநிலை, பத்து வரை உயர்நிலை, பன்னிரண்டு வரை மேல்நிலை. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு, எட்டாம் வகுப்பு முடிய, கல்வியை உரிமை ஆக்கியது. அதன் 16ஆவது பிரிவு, எட்டு வரை யாரையும் பெயிலாக்கக் கூடாது, பள்ளியில் இருந்து வெளியேற்றவும் கூடாது என்றது.

அப்படியானால் ஒன்பதாம் வகுப்பில்? சட்டம் எட்டோடு நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு காத்துக்கொண்டிருக்கிறது. இடையில் இருக்கிற அந்த ஒரு வருடம், ஒன்பதாம் வகுப்பு, யாருடைய காவலும் இல்லாத நிலம். உரிமை முடிந்துவிட்ட இடத்துக்கும் தேர்வு தொடங்குகிற இடத்துக்கும் நடுவே நம் பிள்ளையைத் தள்ளிவிடுகிறார்கள். சட்டப்படி யாரும் குற்றவாளி இல்லை.

அந்தப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வெறும் காகிதம் என்று நினைத்துவிடாதீர்கள். குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பிக்க அது வேண்டும். ஐடிஐயில் நல்ல பிரிவுகளில் சேர அது வேண்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் பெயரிலேயே அந்தக் கதவு இருக்கிறது: பத்தாவதைத் தாண்டிய பிறகுதான் அந்தப் பணம். இட ஒதுக்கீடு என்று நாம் போராடிப் பெற்ற அத்தனையும் அந்தக் கதவுக்கு அப்பால்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்பதில் வெளியேற்றப்பட்ட பிள்ளைக்கு 18 சதவீதமும் இல்லை, அருந்ததியர் உள் ஒதுக்கீடு 3 சதவீதமும் இல்லை. இட ஒதுக்கீட்டைப் பறிக்க அரசியலமைப்பைத் திருத்த வேண்டிய அவசியமே இல்லை, தோழர்களே. வரிசையில் வந்து நிற்க ஆள் இல்லாமல் செய்தாலே போதும்.

கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுபோனவர்கள் எங்கே போகிறார்கள் என்று நமக்குத் தெரியும். டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்கும் டிரம்முக்கும். கழிவுத் தொட்டிக்கும். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, இரவில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள். எந்த மாநிலத்திலும் தேர்ச்சி சதவீதத்தில் சேராத பிள்ளைகளின் முகவரி கடைசியில் இப்படி ஒரு இடமாகத்தான் இருக்கிறது. முதலாளி யார் என்பது ஊருக்கு ஊர் மாறும். நாற்றத்தில் கை வைப்பது யார் என்பது மாறுவதில்லை.

"தனி" என்பது நமக்குப் புதிதல்ல

"பிரைவேட்டா எழுதட்டும்" என்று அந்த அம்மாவிடம் சொன்னார்களே, அந்தத் "தனி"க்கு ஒரு வரலாறு உண்டு.

சென்னை மாகாணத்தில் பொதுப் பணத்தில் நடந்த பள்ளிகளில்கூட நம் பாட்டன்மார் திண்ணைக்கு வெளியே நின்ற காலத்தில், அயோத்திதாசப் பண்டிதரின் தொடர்பில் வந்த கர்னல் ஆல்காட் 1894இல் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு அரசின் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்டோருக்கான பள்ளிகளைத் திறந்தது. அந்த வரிசையில் வந்தவைதான் இன்று நாம் பார்க்கிற ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். பொதுப் பள்ளியின் கதவு மூடியிருந்ததால் வந்த பள்ளிகள் இவை. அவை இல்லாமல் இருந்தால் இதை எழுதுகிற எனக்கும் எழுத்து கிடைத்திருக்காது. என் அப்பா அப்படியொரு பள்ளியில்தான் அகரம் எழுதினார்.

ஆனால் இன்றைக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் பள்ளிக்கல்வித் துறைக்கு வெளியே, ஒரு நலத்துறையின் கீழ் இருக்கின்றன. 2023 மார்ச் பட்ஜெட்டில் இவற்றையெல்லாம் பள்ளிக்கல்வித் துறைக்குள் கொண்டுவருவோம் என்றார்கள். நம் இயக்கங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து வந்தது. பொது நீரோட்டத்தில் சேரட்டும் என்றார்கள் சிலர். நமக்கென்று இருந்த நிலமும் பணியிடங்களும் கரைந்துபோகும் என்று அஞ்சினார்கள் சிலர். என் கருத்தைச் சொல்கிறேன்: எந்தத் துறை என்பது இரண்டாவது கேள்வி. கணக்குக்கு ஒரு ஆசிரியர், அறிவியலுக்கு ஒரு ஆசிரியர், ஆய்வகத்தில் பூட்டுப் போடாத அலமாரி. இது இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அது இல்லாத பள்ளியின் பிள்ளைக்கும், அனைத்தும் இருக்கிற பள்ளியின் பிள்ளைக்கும் ஒரே நாளில் ஒரே வினாத்தாளைக் கொடுத்துவிட்டு, இதற்குப் பெயர் சமத்துவம் என்கிறார்கள்.

சமச்சீர் கல்வியை நாம் வரவேற்றோம். 2010இல் சட்டம் வந்தது. 2011இல் ஆட்சி மாறியதும் நிறுத்தப் பார்த்தார்கள். அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல், மாநிலப் பாடத்திட்டம் என்று நான்காகக் கிடந்ததை ஒரே பாடநூலாக்கியது பெரிய வெற்றி. பாடநூல் ஒன்றானது. பள்ளி ஒன்றாகவில்லை. வசதி உள்ளவர்கள் அடுத்த படிக்கு, சிபிஎஸ்இக்கு, நகர்ந்துவிட்டார்கள். நாம் ஒரு படி ஏறும்போதெல்லாம் படிக்கட்டில் மேலே ஒரு படி கட்டப்படுகிறது.

இரண்டு கத்திகள்

1953இல் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத் தொடக்கப் பள்ளியில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தார்கள். ராஜாஜி பதவி விலகினார். 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். இந்த வரலாற்றை எல்லோரும் மேடையில் சொல்வார்கள். நான் ஒன்றைக் கூட்டிச் சொல்கிறேன். அந்தத் திட்டம் நீடித்திருந்தால், குயவர் பிள்ளை சக்கரத்துக்குப் போயிருக்கும். தோலுரித்தவரின் பிள்ளை எங்கே போயிருக்கும்? செத்த மாட்டின் பக்கத்துக்கு. அதற்குப் பெயர் கைத்தொழில் பயிற்சி.

தேசிய கல்விக் கொள்கை 2020 ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் உள்ளூர்த் தொழில் வல்லுநர்களிடம் பயிற்சி என்கிறது. தச்சர், தோட்டக்காரர், குயவர் என்று உதாரணம் சொல்கிறது. கையால் வேலை செய்வதைப் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஆம்பூரில் உள்ளூர்த் தொழில் என்ன என்பதுதான் என் கேள்வி. சென்னை அடையாறில் படிக்கிற பிள்ளை பத்து நாள் வந்து தோல் தைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். எங்கள் பிள்ளை திரும்பிப் போக வேறு இடம் இருக்கிறதா?

அதே கொள்கை மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தேர்வு என்கிறது. 2019இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் பிள்ளைகளை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு வழி திறந்தார்கள். அந்த ஆண்டே தமிழ்நாட்டிலும் ஐந்து, எட்டுக்குப் பொதுத்தேர்வு அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு விதியைத் திருத்தித் தன் பள்ளிகளில் நிறுத்திவைப்பைக் கொண்டுவந்துவிட்டது. தமிழ்நாடு ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வும் போனது. தேசியக் கொள்கைக்குத் தலையாட்டாததற்காக 2024-25இல் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. இந்த இடத்தில் மாநிலத்தின் பக்கம்தான் நான் நிற்கிறேன். சந்தேகமே இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். ஒன்பதாம் வகுப்பில் நம் பிள்ளைகளைக் கழித்துவிடுகிற கத்தி டெல்லியில் செய்ததில்லை. அது இங்கேயே தீட்டியது. டெல்லி ஐந்தாம் வகுப்பில் பெயிலாக்கச் சொல்வதை எதிர்த்து அறிக்கை விடுகிற மாநிலம், தன் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பில் என்ன நடக்கிறது என்று கண்ணை மூடிக்கொள்கிறது. இரண்டு கத்தியும் வெட்டுவது ஒரே கழுத்தை.

"ஆல் பாஸ்தான் கெடுத்தது"

இந்த வாதத்தை நம் ஆட்களே சொல்கிறார்கள். "எட்டாவது வரை ஆல் பாஸ் போட்டதால்தான் ஒன்பதாவது பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லை." போன மாதம்கூட ஒரு வாசிப்பு வட்டத்தில் ஒரு பட்டதாரித் தம்பி கோபமாகச் சொன்னான். அவன் கோபத்தை நான் மதிக்கிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமல் ஒன்பதுக்கு வருகிற பிள்ளைகளை நானும் தினமும் பார்க்கிறேன். அது மோசடி. இதில் யாரும் மறுப்புச் சொல்ல முடியாது.

ஆனால் மோசடி செய்தது யார்? சட்டம் "பெயிலாக்காதே" என்று மட்டும் சொல்லவில்லை. தொடர்ச்சியாக மதிப்பிடு, பின்தங்கிய பிள்ளைக்கு அங்கேயே கைகொடு, போதுமான ஆசிரியரைப் போடு என்றும் சொன்னது. மூன்று கால் முக்காலி அது. இரண்டு காலை வெட்டிவிட்டு, முக்காலி விழுந்துவிட்டது, முக்காலியே தப்பு என்கிறார்கள். ஒரு பிள்ளை எட்டு வருடம் பள்ளிக்கு வந்தும் எழுத்துக் கற்கவில்லை என்றால் பெயிலானது பள்ளி. தண்டனை மட்டும் பிள்ளைக்கு. அதே வகுப்பில், அதே ஆசிரியரிடம், அதே பாடத்தை மறுபடி ஒரு வருடம் உட்கார்ந்து கேட்டால் எழுத்து வந்துவிடுமா? வராது. வெட்கம்தான் வரும். வெட்கப்பட்ட பிள்ளை பள்ளியை விட்டு நிற்கும். பெண் பிள்ளை என்றால் வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பார்கள்.

அப்புறம் அந்த 35. நான்கு பாடத்தில் 60க்கு மேல் வாங்கி, கணக்கில் 34 வாங்கிய பிள்ளை "தோல்வி". அம்மா ஓவர்டைம் முடித்து வரும்வரை தம்பியைப் பார்த்துக்கொண்டு, சோறு வடித்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் படித்த பிள்ளையின் 34க்கும், டியூஷன் போன பிள்ளையின் 36க்கும் இடையில் இருப்பது அறிவா? தோல் கம்பெனியில் தோலைத் தரம் பிரிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கீறல் இருந்தால் ஒரு பக்கம், உண்ணி கடித்த தழும்பு இருந்தால் ஒரு பக்கம். மாடு எங்கே மேய்ந்தது, யார் அடித்தது என்று தரம் பிரிப்பவர் கேட்பதில்லை. தோலை அப்படிப் பிரிக்கலாம். பிள்ளைகளை?

மேல் படியில் நீட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் 1,200க்கு 1,176 வாங்கிய அரியலூர் குழுமூர் அனிதாவை 2017இல் "தகுதி இல்லை" என்று சொன்ன தேர்வு அது. அவர் பிறகு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது, அது போராட்டத்தின் பலன். ஆனால் நீட்டுக்கு எதிராக நாம் எழுப்புகிற குரலில் பாதியையாவது ஒன்பதாம் வகுப்புக்குக் கொடுக்க வேண்டாமா? நீட் வாசலில் நின்று திரும்புகிறவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு படம் இருக்கிறது. ஒன்பதில் திரும்பிப் போகிறவளுக்கு ஒரு மஞ்சள் பை மட்டும்தான்.

என்ன செய்யலாம்

கோபத்தோடு முடித்துவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. இளைய தோழர்களுக்குச் சில வேலைகள் இருக்கின்றன.

ஒன்று. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண் இருக்கிறது. யார் எப்போது எந்த வகுப்பில் இருந்தார், எப்போது வெளியேறினார் என்பது அரசிடம் பதிவாகி இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பை முடித்தார்கள், அதில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எத்தனை பேர் என்று பள்ளி வாரியாக வெளியிடச் சொல்வோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் ஒன்றியத்தில் இருந்து ஆளுக்கு ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம்.

இரண்டு. மாவட்டத் தரவரிசையை நிறுத்தச் சொல்வோம். வெளியிட்டே ஆக வேண்டும் என்றால், எத்தனை பிள்ளைகளைத் தக்கவைத்தார்கள் என்பதை வைத்து வெளியிடட்டும்.

மூன்று. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. நம் தெரு அம்மாக்கள் அதில் பெயருக்கு இருக்கிறார்கள். கூட்டத்துக்கு அவர்களோடு போங்கள். "இந்த வருடம் எத்தனை டீசி கொடுத்தீர்கள், ஏன்?" என்று ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.

நான்கு. பத்தாம் வகுப்பு முடிவு வரும் நாளில் தேறியவர்களுக்கு வாழ்த்துச் சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள். நீங்கள் தேறாத பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள். அடுத்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு உண்டு, போன பாடத்தை மட்டும் எழுதினால் போதும், அதே ஆண்டிலேயே பதினொன்றில் சேரலாம் என்று சொல்லுங்கள். பல வீடுகளுக்கு இது தெரியாது. தனித்தேர்வராக எழுதுகிற பிள்ளை அறிவியல் செய்முறைக்கு முன்கூட்டியே தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் தெரியாது.

ஐந்து. கல்வி உரிமையை எட்டோடு நிறுத்தாமல் பன்னிரண்டு வரை நீட்டிக்கச் சொல்வோம். ஒன்பதாம் வகுப்பு காவல் இல்லாத நிலமாக இருக்கும்வரை மற்ற எல்லாக் கோரிக்கையும் பாதிக் கோரிக்கைதான்.

அந்த மஞ்சள் பை அம்மாவின் மகளுக்கு ஒரு முழு வருடம் போனது. தனித்தேர்வருக்கான செய்முறைப் பதிவுத் தேதியை யாரும் சொல்லவில்லை, தவறிப்போனது. அந்த வருடம் அவள் வீட்டில் இருந்து செருப்புக்கு நூல் பின்னினாள். 2024 ஜூனில் வேறொரு அரசுப் பள்ளியில் நான்கு முறை நடந்து ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தோம். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். முதல் மாதம் அழுதாள். இப்போது பத்தாம் வகுப்பு. கணக்கு இன்னும் தகராறுதான்.

போன வாரம் பார்த்தபோது கேட்டாள்: "அக்கா, நான் எழுதினா ஸ்கூல் பர்சன்டேஜ் கொறஞ்சிடுமா?"

குறைந்தால் குறையட்டும் கண்ணு என்றேன். நீ அந்தக் கணக்கில் இருக்க வேண்டும். அதுதான் முதலில்.